காமாக் கதிர் தப்பும் உயரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நடந்து பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் மரியநாயகி சொன்னது. பௌதிகம் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. நட்சத்திரத்தைப் பிழையாய் எழுதிப்போடாதேங்கோ" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இருள் சூழ்ந்த குடாநாட்டில், அண்டவெளியின் ஒளி…'

(வேண்டாம். அது பகல். நல்ல வெயில்.)

2

1993. போரால் இடம்பெயர்ந்து மரியநாயகியின் குடும்பம் நெல்லியடியில் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பல்சர்களைப் பற்றிப் பேச மரியநாயகி ஒத்துக்கொண்டிருந்தார். அதற்கு முதல்நாள் தொண்டைமானாற்றிலிருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போன தம்பி கனிசியஸ் திரும்பவில்லை. கடற்பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டிருந்தது. "வீட்டிலை இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்" என்று சைக்கிளை எடுத்தார். செய்தி வந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்பச் சொன்னார்.

(எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பெரிய விண்மீன் செத்தபின் மிஞ்சும் உருண்டை பல்சர். இந்தக் குடாநாட்டுக்குள் அடங்கிவிடும், பம்பரமாய்ச் சுழலும். அதன் காந்த முனைகளுக்கு அருகே காமாக் கதிர்கள் பிறக்கும். காந்தப்புலம் மிகப் பலமென்றால், சக்தி கூடிய கதிர் வெளியேறமுன்னமே இலத்திரனும் அதன் எதிர்த்துகளான பொசித்திரனுமாய் உடைந்துபோகும்.)

மகாதேவி என்ற மாணவி எழும்பினாள். "அப்ப எங்களிட்டை ஒண்டும் வந்து சேராதோ, மிஸ்?"

பலகையில் எழுதிக்கொண்டிருந்த மரியநாயகி சோக்குக் கையோடு திரும்பினார்.

"வரும் பிள்ளை. மேலை, புலம் தளர்ந்த உயரத்திலை பிறக்கிற கதிர் தப்பி வரும்."

தன் குரல் நடுங்கியது தனக்கே கேட்டதாம்.

(இந்த இடத்தில் 'அந்தக் கதிரைப் போலத்தான் அவர் தம்பியும்' என்று எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். "விசர்க்கதை. கதிருக்கு அக்கா இல்லை" என்றார். வெட்டிவிட்டேன்.)

3

என் முதற்பிரதியில் கனிசியஸ் வரவேயில்லை. சோகம் சுலபமாய் எழுத வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்தேன்.

நடந்தது இதுதான். வகுப்பு வாசலில் இடுப்பில் சேறு காய்ந்த சாரத்தோடு, செருப்பில்லாமல் கனிசியஸ் நின்றான். கடற்படையின் ரோந்துப் படகு சுட்டதும் கடலில் குதித்து நீந்தி, எங்கோ தள்ளிக் கரையேறி, பற்றைகளுக்குள் கிடந்துவிட்டு நடந்தே வந்திருக்கிறான்.

"அக்கா, வள்ளம் போயிட்டுது."

"மூதேவி! ஆரடா உன்னட்டை வள்ளத்தைக் கேட்டது?"

சோக்குக் கையாலேயே அவன் தலையை இறுக்கிப் பிடித்தார். மயிரெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பிள்ளைகள் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள். யாரோ கைதட்டத் தொடங்க வகுப்பே கைதட்டியது.

4

"வீட்டை போங்கோ மிஸ்" என்றாள் மகாதேவி.

"ஓம், இந்தச் சமன்பாட்டை முடிச்சிட்டுப் போறன்." இப்போது குரலில் நடுக்கமில்லை.

கனிசியஸ் பின்வரிசை வாங்கில் போய் இருந்தான். அக்கா இரண்டு வரி எழுதமுன்னமே மேசையில் தலைசாய்த்து நித்திரையாகிவிட்டான்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கடன்பட்டு வாங்கிய வள்ளத்தில் மறுபடி கடலுக்குப் போகிறான். அல்லது கடலே வேண்டாமென்று கொழும்புக்கு… அல்லது

இல்லை. பிறகு என்ன நடந்ததென்று நான் மரியநாயகியிடம் கேட்கவில்லை. வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு வேண்டாம். அவன் இப்போதுதான் குறட்டை விடத் தொடங்கியிருக்கிறான். பக்கத்தை மெல்லமாய்த் திருப்புங்கள்.