தவக்காலத்தில் ஒரு வானவர் கீதம்

மண்ணூர்பேட்டைப் பங்குக் கோவிலின் பீடத்துக்கு வலப்புறம் தொங்கிய வெண்திரை, இனி ஒரு பிழையையும் தாங்காத நிலையில் இருந்தது. சென்ற ஆண்டுத் தவக்காலத்து ஞாயிறொன்றில், நற்கருணை வாங்க மக்கள் எழுந்த வேளையில், அது ஓர் அல்லேலூயாப் பாடலைக் காட்டிவிட்டது. உயிர்ப்புப் பெருவிழா வரும்வரை அச்சொல்லை நாவில் ஏற்றாதிருப்பது திருச்சபை காக்கும் நோன்புகளுள் ஒன்று. பாதிக் கோவில் பாடியது. மீதி திகைத்து நின்றது. மறுமுறை தவறினால் திரையை இறக்கிவிடுவதாகப் பாடகர் குழுத் தலைவி செலின் அறிவித்துவிட்டார்.

திரைக்குப் பாடல்களைத் தேர்ந்தளிக்கும் கணினி நிரலை எழுதியவள் ரெனிதா; அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மென்பொருள் பணி செய்பவள். திரை இறங்கினால் அவளுக்கு நேரும் இழப்பு வெறும் மானக்கேடு அன்று. முன்வரிசையில் அமரும் அவள் தந்தை ராயப்பன், இயந்திரப் பட்டறையின் இரைச்சலில் செவித்திறனை ஏறக்குறைய இழந்தவர். பாடல் எந்த அடியில் செல்கிறதென்று அறியாமல் நெடுங்காலம் வாய்மூடி நின்ற அவர், திரையில் எழுத்து ஒளிர்ந்த நாள்முதல் மீண்டும் பாடத் தொடங்கியிருந்தார்.

பிழையின் வேர் எளியது. வருகை, காணிக்கை, நற்கருணை எனத் திருப்பலியின் ஒவ்வொரு பகுதிக்கும் நிரலில் ஒரு பக்கம் உண்டு. தவக்காலத்தில் எவற்றை விலக்குவது என்ற நிபந்தனையை அவள் பக்கந்தோறும் தனித்தனியே எழுதியிருந்தாள். நற்கருணைப் பக்கத்தில் எழுத மறந்துபோனாள்.

இவ்வாண்டு அதனை முற்றும் கலைத்துக் கட்டினாள். நிரலுக்கும் பாடல்களைச் சேமித்து வைத்த தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று இருவர் மொழியையும் பேசும் மென்பொருள் நூலகம் ஒன்றை அவள் பயன்படுத்தினாள். அதில் வேண்டாத பாடல்களை விலக்கும் ஒரு வடிகட்டியை ஒரே இடத்தில் எழுதிப் பெயர் சூட்டினால் போதும். வேண்டுமிடமெல்லாம் பெயர் சொல்லி அழைக்கலாம், ஒன்றோடொன்று கோக்கலாம். அந்தாதியில் ஒரு செய்யுளின் ஈற்றை அடுத்த செய்யுள் தன் முதலாக ஏற்பதுபோல, ஒரு வடிகட்டி மிச்சம் வைப்பதை அடுத்தது ஏற்றுக்கொள்ளும். கோவை நிறைந்த பின்னரே அது ஒற்றைக் கேள்வியாகத் தரவுத்தளத்தைச் சென்றடையும்.

‘அல்லேலூயா நீங்கலாக’ என்பது அவள் எழுதிய முதல் வடிகட்டி. ‘வானவர் கீதம் நீங்கலாக’ என்பது அடுத்தது. திருப்பலியின் தொடக்கத்தில் ஒலிக்கும் அம்மகிழ்ச்சிப் பாவும் தவக்காலத்தில் மௌனம் காக்கும். இரண்டையும் கோத்துத் ‘தவக்காலம்’ என்றொரு பெயர் வைத்தாள். எல்லாப் பக்கங்களும் அப்பெயரையே அழைத்தன. வாரங்கள் பிழையின்றிக் கழிந்தன.

புனித சூசையப்பர் பெருவிழா வந்தது. மாலைத் திருப்பலிக்குச் சற்று முன்பு, கீபோர்டு வாசிக்கும் ரூபஸ் திரையை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னாம்மா ரெனி, வானவர் கீதத்தையே காணோம்?”

“தவக்காலம்ண்ணா. அது வராது.”

“இன்னிக்கு சூசையப்பர் பெருவிழா. தவக்காலத்துல வந்தாலும் வானவர் கீதம் பாடியே ஆவணும். ஃபாதர் கைய விரிச்சுகினு நின்னார்னா நான் இன்னாத்த வாசிக்கிறது, சினிமாப் பாட்டா?”

செலினின் முகம் இறுகியது. “போன வருசம் வரக் கூடாதது வந்துச்சு. இந்த வருசம் வர வேண்டியது வரல. நல்லா இருக்கு ரெனிதா.”

“அந்தத் தவக்காலத்தையே கொஞ்ச நேரம் தூக்கிப் போடேன். பூசை முடிஞ்சதும் மாட்டிக்கலாம்,” என்றார் ரூபஸ்.

“அதைத் தூக்கினா அல்லேலூயாவும் கூடவே வந்துடும்ண்ணா.”

“பெருவிழாவே ஆனாலும் அது கூடாது,” என்றார் செலின். “அந்தப் பேச்சே வேணாம்.”

தொழிற்பேட்டையில் பணி முடித்தவர்கள் சீருடையோடு வந்து அமர்ந்துகொண்டிருந்தனர். ராயப்பன் முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டார். ரெனிதா மடிக்கணினியைத் திறந்தாள். விலக்குகள் இரண்டையும் ஒரே கட்டாக எழுதியிருந்தால் இப்போது அதைப் பிரித்தெடுக்க வேளை போதாது. அவளோ சிறிய கண்ணிகளாக வைத்திருந்தாள். ‘தவக்காலப் பெருவிழா’ என்று புதுப்பெயர் ஒன்றை வகுத்து, அதில் ‘அல்லேலூயா நீங்கலாக’ என்பதை மட்டும் கோத்தாள். இன்றைய நாளுக்கு எப்பெயரை அழைப்பது என்று முடிவு செய்யும் இடமும் ஒன்றே. அங்கே பெயரை மாற்றினாள். எல்லாப் பக்கங்களும் அக்கணமே அதற்குப் பணிந்தன.

செலின் நம்பவில்லை. அருகில் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறக்கச் சொன்னார்.

“வருகை காட்டு. ம். காணிக்கை. நற்கருணையைக் கீழ வரைக்கும் இறக்கு.”

ஓரிடத்திலும் அல்லேலூயா இல்லை. வானவர் கீதம் தன் இடத்தில் நின்றது.

“கரெக்டாத்தான் கீது,” என்று முணுமுணுத்தார் ரூபஸ்.

செலின் எழுந்தார். “மணி அடிக்கச் சொல்லுங்க.”

குரு கரங்களை விரித்தார். திரை ஒளிர்ந்தது. வாரக்கணக்கில் அடங்கியிருந்த கீதம் மடை திறந்தாற்போல் எழுந்தது. கீபோர்டுக்கும் முந்திக்கொண்டு எழுந்த முதற்குரல் ராயப்பனுடையது. ரூபஸ் அவரைத் தடுக்கவில்லை. தம் தாளத்தையே அவருக்கு இசைவாகத் திருப்பினார். சீருடைக்காரர்களும் குழந்தை ஏந்திய பெண்களும் அக்குரலின் பின்னே அணிவகுத்தனர்.

நற்செய்திக்கு முன், விழாக் களிப்பில் ரூபஸின் விரல்கள் பழக்கத்தால் அல்லேலூயா மெட்டின் முதற்கட்டையைத் தொடப் போயின. திரையில் அதற்கு மாற்றாகப் பாடும் தவக்கால வாழ்த்தொலி நின்றது. விரல்கள் மாறின. கோவில் ஒரே குரலாய் அதனைப் பாடியது.

திருப்பலி முடிந்ததும் செலின் திரையின் கீழ் வந்து நின்றார்.

“இன்னாக்கா, கழட்டறதுக்கு ஏணி எடுத்தாரட்டா?” என்று ரூபஸ் சீண்டினார்.

“எடுத்துட்டு வா. பின்னாடி உக்கார்றவங்களுக்குத் தலை மறைக்குதாம். உசத்திக் கட்டு.” பின் ரெனிதாவிடம் திரும்பினார். “அடுத்த வாரம் மங்கள வார்த்தைத் திருநாள். அதுவும் தவக்காலத்துல வர்ற பெருவிழாதான். அதுக்கும் இதே கதைதானே? திரும்ப உக்காந்து எழுதணுமா?”

“வேணாம்க்கா. பேரைக் கூப்பிட்டாப் போதும்.”

ஏணி திரையருகே சாய்வதைக் கண்ட ராயப்பன் பதறி எழுந்தார். தம் குரலின் அளவு தமக்கே தெரியாதவர். கோவிலே திரும்பிப் பார்த்தது.

“ஏம்மா, கழட்டப் போறாங்களா?”

ரெனிதா விசைப்பலகையில் தட்டினாள். பாடல் வரிகள் நின்ற இடத்தில் பெரிய எழுத்துகள் தோன்றின: இல்லப்பா. இன்னும் மேல ஏத்துறாங்க.

ராயப்பன் அதனைச் சொல் சொல்லாக உரக்கப் படித்தார். பிறகு ஏணியின் அடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, “ஏறு ரூபஸ்” என்றார்.