பிந்தி வரும் படம்

வாடகை டிரைவர் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டுப் போனதும், பக்கத்து இருக்கையிலிருந்து காரின் சொந்தக்காரர் உடம்பு முழுவதையும் திருப்பி இறங்கினார். கழுத்தில் தகடு வைத்த பிறகு தலை தனியாகத் திரும்பாது. அவருக்கென்றே பட்டறைக்காரர் தட்டிக் கட்டிய கார் அது. பின்பக்கம் கண்ணாடியே கிடையாது. பின்னால் ஒரு கேமரா, டேஷ்போர்டுக்குள் அளவெடுத்துப் புதைத்த ஒரு திரை, அவ்வளவுதான்.

நிமிர்ந்து நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதை வித்துடுங்க. இனிமே நான் ஓட்டல."

"ஏன் சார்? போன மாசம்தானே புதுக் கேமரா போட்டோம்? கண்ணாடி மாதிரி தெரியுதே!" என்றார் பட்டறைக்காரர்.

"கேமராவுக்கு ஒண்ணுமில்ல. ரிவர்ஸ் எடுக்கறப்ப கேட்டைச் சாத்த வீட்டுக்காரி பின்னால வந்தா. திரையில பாத்த உடனே பிரேக் போட்டேன். போட்டதாத்தான் நெனச்சேன். கால் லேட்டு." நேரே எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ இடுப்பெலும்பு நொறுங்கிடுச்சு. நடக்கறது கஷ்டம்ங்கறாங்க. எனக்குக் கழுத்து போச்சு, இப்ப காலும் போகுது."

விற்பதென்றால் பின்பம்பரின் ஒடுக்கை எடுக்க வேண்டும். பட்டறைக்காரர் சுத்தியலோடு காருக்குப் பின்னால் போனார். ஒயரிங் வேலை பார்க்கும் அவருடைய மச்சினன் உள்ளே உட்கார்ந்து, கேமராவைச் சோதிக்க ரிவர்ஸ் கியரைப் போட்டான். திரையில் அத்தானின் கை தெரிந்தது.

டொம்மென்று சத்தம் கேட்டது. திரையில் சுத்தியல் இன்னும் மேலேயே இருந்தது.

"அத்தான், இன்னொரு தட்டு தட்டுங்க."

டொம். அதற்குப் பிறகுதான் சுத்தியல் இறங்கியது.

போன மாதம் புதுக் கேமராவின் படத்தைப் பழைய திரை ஏற்கவில்லை. திரையை மாற்றினால் டேஷ்போர்டையே உடைக்க வேண்டும். அதனால் இரண்டுக்கும் நடுவே படத்தை மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டியைச் செருகியவன் அவன்தான். அன்று வண்டியை நிற்கவைத்தே படத்தைப் பார்த்தார்கள். பின்னால் இருந்தது சுவர். சுவர் எந்த நொடியிலும் சுவர்தான்.

இறங்கிப் போய் மெதுவாகச் சொன்னான். பட்டறைக்காரர் சுத்தியலைத் தரையில் வைத்தார்.

"கண்ணு இமைக்கிற நேரம்டா அது."

"அந்த நேரத்துலதான் அந்தம்மா நின்னிருக்காங்க."

"நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அந்தாளே கால்னு சொல்றாரு. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. உங்கக்கா தாலிய நெனச்சுப் பாரு."

"அக்காவ எதுக்கு இழுக்கறீங்க?"

"உன்னை வேலைக்கு வெச்சதே அவளுக்காகத்தானே! இல்லேன்னா உனக்கு ஒயரு எது, வாழநாரு எதுன்னு தெரியுமா?"

அவன் ஸ்டூலுக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவரால் குனிய முடியாதே, தன் முகம் அவருக்குத் தெரியுமா என்று தோன்றியது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி. பிந்தி வரும் படம். நீங்கள் பார்த்தபோது அது நடந்து முடிந்திருந்தது.

பட்டறைக்காரர் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ என் கால்?"

"கால் நல்லா இருக்கு சார். தப்பு எங்களுது. அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

"வேண்டாம்."

"சார்..."

"அவ என்னை ஒரு வார்த்தை திட்டல தம்பி. 'உங்க கால் என்ன பண்ணும், பாவம்'ங்கறா. அவளுக்கு வலி வர்றப்பல்லாம் என் காலைத் தடவிக் குடுக்கறா. என்மேல பாவப்பட்டுத்தான் அவ அதைத் தாங்கிட்டிருக்கா." நிறுத்தினார். "ஒரு டப்பாவாலன்னு நீ போய்ச் சொன்னா, அவ யாருக்காகத் தாங்குவா?"

அவன் திரும்பிக் காரைப் பார்த்தான்.

"அந்தப் பெட்டியை மட்டும் கழட்டிடு. வாங்கறவன் வீட்லயும் ஆளுங்க இருப்பாங்க."

எழுந்தார். பிடிக்கப் போன பட்டறைக்காரரின் கையை விலக்கிவிட்டு வாசலுக்குப் போனார். படியில் சற்று நின்றார். பிறகு வலது காலை லேசாக இழுத்து நடந்து பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடி இழுத்தார். தெருமுனை திரும்புவதற்குள் அது பழகிவிட்டிருந்தது.