அண்ணி நிற்கும் இடம்

அண்ணன் இறந்த பிறகு அச்சகத்துக்கு வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்த அண்ணிக்குக் கால் தரையில் படவில்லை. தச்சு வேலை செய்யும் தம்பி அதைக் கதவருகே நின்று பார்த்தான். நாற்காலியைச் செய்தவனே அவன்தான். அண்ணன் பயந்த சுபாவம், குரலை உயர்த்தத் தெரியாதவர். அதனால் சாய்மானத்தைத் தலைக்கு மேல் ஒரு சாண் ஏற்றி, கைப்பிடிகளை அகலமாக்கி, எதிரே போடும் நாற்காலிகளைத் தாழ்வாகச் செய்திருந்தான். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தே பேசினார்கள். நாளடைவில் அண்ணனுக்கே கொஞ்சம் மிடுக்கு வந்துவிட்டது.

அதே நாற்காலியில் அண்ணி, பெரியவர்களோடு விருந்துக்கு வந்த குழந்தை மாதிரி இருந்தாள். அண்ணனின் கூட்டாளி அதைக் கண்டுகொண்டார்.

"நீ எதுக்கும்மா இங்க வந்து கஷ்டப்படற? வீட்ல இரு. கையெழுத்து வேணும்னா நானே வந்து வாங்கிக்கறேன்."

அவர் போனதும் அண்ணி, அச்சகத்துக்கு வந்திருந்த பாடப்புத்தக வேலை தொடங்குவதற்குள் தனக்கென்று ஒரு நாற்காலி செய்து தரும்படி தம்பியிடம் சொன்னாள். அந்த வேலையைக் கூட்டாளி கையில் விட்டால், அச்சகமே கைவிட்டுப் போன மாதிரிதான் என்றாள்.

தம்பி அண்ணன் நாற்காலியையே அளவு குறைத்துச் செய்து கொண்டுவந்தான். அண்ணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"உங்கண்ணன் பள்ளிக்கூடத்துல உக்காந்தது மாதிரி இருக்கு தம்பி."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் தம்பி மரத்தைத் தொடாமல் அவளையே கவனித்தான். அவள் சாயவே இல்லை. நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அச்சுத் தாள் வந்தால் எழுந்து ஜன்னலோரம் போய் நின்று படித்தாள். பிழையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் வேறாக இருந்தது. இயந்திரத்து ஆட்கள் மறுபேச்சு பேசவில்லை. அண்ணனை ஏற்றி வைத்தது மாதிரி இவளை ஏற்றத் தேவையில்லை, இவள் நிற்கிற இடத்துக்கு மேசை வந்தால் போதும் என்று அவனுக்குப் பட்டது.

ஜன்னலோரம் நெஞ்சளவு உயரத்தில் லேசாகச் சரிந்த மேசை. பக்கத்தில் கால் வைக்கக் கட்டையுள்ள, சாய்மானமில்லாத உயர முக்காலி. வேறு இருக்கை எதுவும் வைக்கவில்லை. அண்ணன் நாற்காலியை வெளியே எடுக்கும்போது ஆள் கூப்பிடாமல் அவனே தூக்கிப் போனான்.

கூட்டாளி வந்தார். உட்கார இடம் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் மேசையருகே நின்றார். பாடப்புத்தக வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக ஆரம்பித்தார். அவர் வாங்கிப் போட்ட காகிதத்தில் அச்சடித்த மாதிரித் தாளை அண்ணி அவர் பக்கம் திருப்பினாள்.

"பின்பக்கம் மை ஊறியிருக்கு பாருங்கண்ணே. இந்தக் காகிதம் வேணாம்."

"வேற மாத்தினா நாளாகும்மா."

"ஆகட்டும்."

சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு பேசியே பழகியவர் அவர். கையை ஊன்றப் போனால் மேசையெங்கும் தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். அண்ணி அடுத்த தாளைப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

"சரி, எந்தக் காகிதம்னு நீயே சொல்லு."

அவள் நிமிராமல் சொன்னாள். அவர் பேனாவை எடுத்து, நின்றபடியே உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.