தங்கராசுவின் வயிற்று வலி

என் தம்பி தங்கராசுவுக்கு வயிற்று வலி என்று முதலில் சொன்னது எங்கள் அப்பாதான். எங்களுக்கு அவர் நைனா. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் எங்கள் தெருக்காரர் ஒருவர் எதிரே வந்து, "இன்னா துரைக்கண்ணு, இங்க நிக்கிற? யாருக்கு இன்னா?" என்று கேட்டார். நைனா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பையனுக்கு வயித்து வலிப்பா. தாங்க முடியாத வயித்து வலி" என்றார்.

நாங்கள் தங்கராசுவை வீட்டுக்கு அழைத்து வருவதற்குள், அந்த வயிற்று வலி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி செஞ்சிக்கு வந்து இறங்கிவிட்டது.

உண்மை என்னவென்றால், தங்கராசு சாக நினைத்தான். அதற்கான காரியத்தையும் செய்தான். பிழைத்துக்கொண்டான். அதற்கு மேல் அதை விவரிப்பதில் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

நைனாவையும் குறை சொல்ல முடியாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அது ஒன்று. இன்னொன்று, என் கல்யாணம். அவலூர்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. இப்படி ஒன்று நடந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வயிற்று வலி என்றால் ஒரு கேள்வியோடு போய்விடும். மற்றதைச் சொன்னால் கேள்வி முடியவே முடியாது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது ஒரு சின்ன வயது டாக்டர் நைனாவை நிறுத்தி, "உடம்பு தேறிடுச்சு. ஆனா பையன்கிட்ட பேச வேண்டியது நிறைய இருக்குது. வியாழக்கிழமைல மனநல டாக்டர் பாப்பாரு, அவசியம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"பைத்தியக்கார டாக்டருங்களா?"

"மனசுக்குப் பாக்குற டாக்டருங்க."

நைனா கும்பிட்டுச் சரி என்றார். வியாழக்கிழமைகள் வந்தன, போயின. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே நான் ஒரு வேலை செய்தேன். அவன் கைக்கு எட்டக்கூடாது என்று எனக்குப் பட்டதையெல்லாம் ஒரு கோணியில் போட்டுக் கட்டி, பக்கத்து வீட்டு ஜாஹிதா அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டும்க்கா" என்றேன். அவர் கோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

பிறகு தெரு முழுக்க வைத்தியம் பார்க்க வந்தது. ஒருத்தி வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி மணத்தக்காளி வற்றல். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் பச்சைமுத்து மாதுளை ஓட்டைக் காயவைத்து இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, "மூணே வேளை. வயித்து வலி வந்த வழிய பாத்து ஓடிடும்" என்றார். ஜாஹிதா அக்கா தினமும் காலையில் ஒரு சொம்பு ஓமத் தண்ணீரோடு வந்து, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அம்மா குழம்பில் மிளகாயை நிறுத்திவிட்டாள். அவனுக்கு மட்டும் உப்புப் போட்ட கஞ்சி. தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது வயிற்று வலிக்காரனுக்குக் காரக்குழம்பு ஊற்ற முடியுமா?

தங்கராசு எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்ததைக் குடித்தான். சொன்ன இடத்தில் படுத்தான். முன்பெல்லாம் குழம்பில் புளி தூக்கலாக இருந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிற பையன். அந்தச் சாது குணம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வயிற்று வலிதான் என்று ஊர் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. கொஞ்ச நாளில் அம்மாவும் நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் காலையில், "மேல்சித்தாமூர் பக்கம் ஒரு அம்மா தொக்கம் எடுக்குதாம். கூட்டிட்டுப் போவலாம்டி" என்றாள். வயிற்றில் சிக்கிக்கொண்டதைத் தடவி, நீவி, வெளியே எடுத்துவிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அதைத் தொக்கம் எடுப்பது என்பார்கள்.

"அம்மா, உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும். இருந்தா இருக்கட்டும். எதுனா சிக்கியிருந்தா வெளிய வந்துரும்ல?"

மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அந்த அம்மாள் தங்கராசுவுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, வயிற்றைத் தடவி, தொண்டையை நீவி, கடைசியில் கறுப்பாக ஏதோ ஒன்றை எடுத்து வாழை இலையில் போட்டாள். கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது. "பாத்துக்கோ. வருஷக்கணக்கா உள்ள இருந்திருக்குது. இனிமே உம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள். அம்மா அந்த இலையைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திரும்பி வந்ததும் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். தங்கராசு தோட்டத்துக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தேன். பகல் முழுக்கக் காய்ந்த மலையின் சூடு அப்போதுதான் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்தம்மா எடுத்தத நீ நம்புறியா?"

"இல்ல."

"அம்மா நம்புது. இனிமே எல்லாரும் நான் நல்லாயிட்டேன்னு நெனைச்சிக்குவாங்க. அப்புறம் யாரும் கேக்கவே மாட்டாங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. கேட்காமல் இருந்தவர்களில் நானும் ஒருத்திதானே. "நான் கேக்குறன். சொல்லு" என்றேன்.

சொன்னான். எங்கள் ஊர் ஸ்கூலில் அவன்தான் முதல். பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் எல்லாம் இங்கிலீஷ். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டபோது பதில் தெரிந்தும் வாயில் வார்த்தை வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் வேண்டுமென்றே மறுபடி எழுப்பினார். செஞ்சிக்காரன் என்பதால் ஹாஸ்டலில் அவனுக்கு 'கோட்டை' என்று பேர் வைத்தார்கள். 'கோட்டை வாயத் தொறக்காது' என்பார்கள். பரீட்சையில் ஒரு பேப்பர் போச்சு, அடுத்ததில் இன்னும் கூடப் போச்சு. வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டான். தூக்கம் வராது, விடிந்தால் எழுந்திருக்க முடியாது. லீவில் வந்து சொல்லிவிடலாம் என்று கிளம்பினால், பஸ் ஸ்டாண்டிலேயே பச்சைமுத்து "வாங்க என்ஜினியர்" என்பார். மகன் என்ஜினியர் ஆகப்போகிறான் என்று நைனா ஊரெல்லாம் சொல்லி வைத்தது.

"ஒரு வாட்டி இல்லக்கா. ஒவ்வொரு வாட்டி வந்தப்பவும் சொல்லணும்னுதான் வந்தன். யார்கிட்ட சொல்றது? நைனா கண்ணுல அந்த சந்தோஷத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதின்னு தோணிப்போச்சு."

"இப்பவும் அப்படித் தோணுதா? செத்துப்போவலாம்னு?"

நேராகக் கேட்டுவிட்டேன். கேட்டதும் பயந்தேன். ஆனால் அவன் முகம் சுருங்கவில்லை. தலையில் இருந்த சுமையை யாரோ ஒரு கை பிடித்த மாதிரிதான் இருந்தது.

"நேத்து தோணல. ஜூன் மாசம் திரும்பப் போவணும்னு நெனைச்சா தோணுது."

"தோணுச்சின்னா என்கிட்ட சொல்லணும். நான் தூங்குனாலும் எழுப்பணும். சரியா?"

"சரி."

"நீ இல்லன்னா எனக்கு இன்னா நிம்மதிடா? இந்த மல்லாட்டைய யாரு தின்னுறது?"

கொஞ்சமாகச் சிரித்தான். ஒரு பிடி அள்ளிக்கொண்டான்.

நான் எழுந்து உள்ளே போனேன். நைனா நடுவீட்டில் தங்கராசுவின் ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியில் அவன் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதி வாங்கியிருந்தார்.

"நைனா, அவன அங்க அனுப்ப வேணாம். பாண்டிச்சேரி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"தொக்கம் எடுத்தாச்சே."

"நைனா, அவனுக்கு வயித்து வலி இல்ல."

"எனக்குத் தெரியாதாடி?" பெட்டி மூடியைப் படாரென்று சாத்தினார். குரல் உடனே இறங்கிவிட்டது. "அவன தூக்கினு ஓடுனவன் நானு. எனக்குத் தெரியாதா? வேற இன்னான்னு சொல்லச் சொல்ற? ஞாயித்துக்கிழமை உன்னப் பாக்க வர்றாங்க. அது முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்பது ஜூனுக்குப் பிறகு என்று எனக்குத் தெரியும். பெட்டி தயாராகிவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி ரேஷன் கடையில் வேலை. தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா கமலாம்பாள் பேசினார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்து நமஸ்காரம் பண்ணி, அம்மா பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பேச்சு வயிற்று வலிக்குத் திரும்பிவிட்டது.

"ஆமா, பையனுக்கு இன்னமோ வயித்து நோவாமே? தப்பா எடுத்துக்காதீங்க. வம்சத்துல வர்ற நோவா?"

"சேச்சே! எங்க வம்சத்துல யாருக்கும் வயிறே வலிச்சதில்லீங்க" என்றார் நைனா.

"பையனக் கூப்புடுங்க, பாப்போம். எங்க வீட்டுக்காரருக்கு இருவது வருஷமா குடல் புண்ணு. இதுல நான் பாதி டாக்டர்."

தங்கராசு வந்து சுவர் ஓரமாக நின்றான்.

"எங்கப்பா வலிக்குது?"

"தொப்புளுக்கு மேலங்க" என்றார் நைனா.

"சாப்புடறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"முன்னாலதாங்க."

"எரியற மாதிரியா, குத்தற மாதிரியா?"

"குத்தற மாதிரிங்க. இப்ப சுத்தமா இல்லீங்க. தொக்கம் எடுத்தாச்சு."

கமலாம்பாள் காபித் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சம்மந்தி, வலி பையனுக்கா உங்களுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். நைனாவும் சேர்ந்து சிரித்தார். தங்கராசு மட்டும் தரையைப் பார்த்தான். கிணற்றடியில் அவன் சொன்னது என் காதில் கேட்டது. யாரும் கேக்கவே மாட்டாங்க. இதோ, ஒரு ஆள் கேட்கிறார். அவனுக்குப் பதிலாக நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"நைனா, அவன் சொல்லட்டும்" என்றேன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்தால் எப்படி இருக்கும்! அம்மா என் கையைக் கிள்ளினாள். தங்கராசு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு வயித்து வலி இல்லீங்க" என்றான். "உயிரோட இருக்கப் புடிக்காமப் போச்சு. காலேஜுல என்னால முடியல. வீட்டுல சொல்ல முடியல. திரும்ப அங்க அனுப்பிடுவாங்கன்னு இப்பவும் பயமா இருக்குது."

கமலாம்பாள் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க போய்ச் சேதி சொல்லி அனுப்புறோங்க" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி, "புள்ளையத் தனியா விடாதீங்க" என்றார். அவ்வளவுதான். சேதி பிறகு வரவே இல்லை.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "உன் வாழ்க்கையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கினியே ஆண்டாளு" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

நைனா யாரையும் திட்டவில்லை. டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் கழித்து, "தங்கராசு" என்று கூப்பிட்டார். "இங்க வந்து குந்து. அங்க இன்னாடா ஆச்சு?"

அவன் பெட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னான். விளக்கு வைக்கிற நேரம் வரை பேச்சு நீண்டதில் அம்மா தனியாகக் கஞ்சி வைக்க மறந்துபோனாள். எங்கள் குழம்பையே அவனுக்கும் ஊற்றினாள். பிறகுதான், இனிமேல் மிளகாயை நிறுத்தக் காரணம் ஒன்றும் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் ஜாஹிதா அக்கா வழக்கம்போல ஓமத் தண்ணீரோடு வந்தார். தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது.

"இனிமே இது வேணாங்க்கா. அவனுக்கு வயித்து வலியெல்லாம் இல்ல" என்றேன்.

"அந்தக் கோணிய நீ கொண்டாந்தப்பவே எனக்குத் தெரியும்டி."

"அப்புறம் எதுக்குக்கா தினமும் இது?"

"வெறுங்கையோட வந்தா எதுக்கு வந்தேன்னு உங்கம்மா கேப்பால்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "டேய் தங்கராசு, எழுந்து வா. இன்னிக்குக் கடைசி சொம்பு. நாளைக்குக் கறிக்கொழம்பு" என்றார்.

அந்த வியாழக்கிழமை நைனா அவனைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பச்சைமுத்து கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னா துரைக்கண்ணு, காலங்காத்தால எங்க?"

"பாண்டிச்சேரிக்கு. டாக்டரப் பாக்க."

"இன்னும் விடலையா அந்த வயித்து வலி? மாதுளை ஓடு குடுத்தீங்களா?"

விஷயம் அவர் காதுக்கு எட்டவில்லையோ, எட்டியும் எங்களுக்கு ஒரு வழி விட்டாரோ, தெரியவில்லை. நைனா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கராசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"வயித்து வலி இல்ல பச்சைமுத்து. பையனுக்கு மனசு சரியில்ல. அதுக்குத்தான் டாக்டர்."

பச்சைமுத்து டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் நைனா பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்படியா" என்றார். "பஸ்ஸு வர நேரம் ஆவும். மூணு பேரும் உள்ள வந்து குந்துங்க. தங்கராசு, உனக்கு சக்கரை தூக்கலாத்தானே?"

தங்கராசு நைனாவைப் பார்த்தான். நைனா வாயைத் திறக்கவில்லை.

"ஆமாங்க" என்றான் தங்கராசு. "தூக்கலா."