லிவர் என்று சொன்னார்கள்

என் அக்கா கோரல் அந்தப் பிளாஸ்திரியை முதலில் பார்த்தது அடக்கத்துக்கு முன்பா பின்பா என்று எனக்கு நிச்சயமில்லை. மூன்று முறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் கொஞ்சம் மாறியது. நானும் அங்கேதான் இருந்தேன், ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கணவன் நெவிலைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உட்காரச் சொன்ன யார் பேச்சையும் அவள் கேட்கவில்லை. கைக்கு வேலை இல்லாவிட்டால் ஆட்கள் பேச வந்துவிடுவார்கள்.

நெவிலின் தம்பி க்ளைவ் கோப்பையை நீட்டினான்.

"நான் குடிச்ச குடிக்கு ரெண்டு லிவர் போயிருக்கணும். போனது அவனோடது. நியாயமே இல்ல, கோரல்."

அவன் தலையைத் திருப்பியபோதுதான் காதின் மேல் விளிம்பில் பிளாஸ்திரி தெரிந்தது. ஓரத்தில் கறுப்பாகக் கசிந்திருந்தது.

"காதுல என்ன?"

"உன் மருந்துதான். நெவுக்கு வந்த மாதிரியே ஒரு புள்ளி. நீ அப்ப குடுத்த டப்பா அப்படியே இருந்துச்சு. பத்து நாளா தடவுறேன். உயிர் போற மாதிரி இழுக்குது. வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

கோப்பை நிரம்பித் தேநீர் மேசையில் வழிந்தது.

நெவில் நாற்பது வருடம் கரும்புத் தோட்டத்தில், கூரையில்லாத டிராக்டரில், பனியனோடு உட்கார்ந்தவன். தொப்பியைக் கியர் கம்பியில் மாட்டிவைப்பான். சாவதற்கு மூன்று வருடத்துக்கு முன் அவன் தோளில் ஒரு மச்சம் ஓரம் கலைந்து, நிறம் மாறி, பெரிதானது. டவுன்ஸ்வில் நகரத்தில் தோல் டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தார்கள். ஆனால் அது கரும்பு வெட்டும் காலம். ஆலை யாருக்காகவும் நிற்காது என்று போகாமல் விட்டார்கள். மச்சத்தை உதிர்த்துவிடும் என்று சந்தையில் ஒருத்தி விற்ற கறுப்புக் களிம்பைக் கோரல் வாங்கிவந்தாள். தினமும் அவன் குளித்து வந்ததும் அவளே தடவினாள். அவன் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். மூன்றாம் வாரம், பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு கழன்று விழுந்தது. நெவில் அதை ஜாம் பாட்டிலில் சாராயம் ஊற்றிப் போட்டுவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான்.

"வேரோட வந்துடுச்சு பாரு. டாக்டர் எதுக்கு? இவ போதும்."

க்ளைவையும் சேர்த்து ஏழு பேர் அவளிடம் களிம்பு வாங்கிப்போனார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை.

சாவதற்கு முந்தின வருடம் நெவிலின் அக்குளில் கட்டி வந்தது. டாக்டர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"மேல இருந்த மூடியைத்தான் எடுத்திருக்கீங்க. அடியில இருந்த கேன்சர் அது பாட்டுக்குப் பரவியிருக்கு. அன்னிக்கே வெட்டியிருந்தா அரை மணி நேர வேலை."

திரும்பி வரும் நூறு கிலோமீட்டரும் நெவில்தான் வண்டியை ஓட்டினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "யார் கேட்டாலும் லிவர்னு சொல்லு. குடிகாரன்னு பேசிட்டுப் போகட்டும். முட்டாள்தனம்னு பேச வேணாம்."

யாருடைய முட்டாள்தனம் என்று அவள் கேட்கவில்லை. கடைசியில் லிவருக்கும் பரவியது. அதனால் அது முழுப் பொய்யாகவும் இல்லை.

"அதை எடு, க்ளைவ்," என்றாள் கோரல் கூடத்தில். "நாளைக்கே டாக்டர்ட்ட போ."

"ஏன், உன் மருந்து காலாவதி ஆயிடுச்சா?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் களிம்பு வாங்கியவர்.

"நெவுக்கு வந்தது லிவர் இல்ல. தோள்ல இருந்ததுதான். அது போகவே இல்ல. உள்ள போயிடுச்சு."

"பாவம், துக்கத்துல என்னமோ பேசுறா," என்றாள் க்ளைவின் மனைவி பெவர்லி. "உக்காரு கோரல். யாராச்சும் தண்ணி குடுங்களேன்."

கோரல் கையை நீட்டிப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். க்ளைவ் அலறினான். காதின் விளிம்பு வெந்து கறுத்திருந்தது. நடுவில் குருத்தெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதைத்தான் அவர் தோள்ல நான் செஞ்சேன்," என்றாள், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. "என்கிட்ட வாங்கினவங்க யாரும் தடவாதீங்க. தடவினவங்க போய்க் காட்டுங்க."

க்ளைவ் காதைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தான்.

"அப்போ என் அண்ணனைக் கொன்னது நீதானா?"

கோரல் மேசையில் வழிந்திருந்த தேநீரைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். நான் நாலு அடி தள்ளி ரொட்டித் தட்டோடு நின்றிருந்தேன். அவள் பக்கம் போகவில்லை.

மறுவாரமே க்ளைவுக்கு அறுவை செய்தார்கள். பாதிக் காது போயிற்று, ஆள் பிழைத்தான். மற்ற ஆறு பேரில் நான்கு பேர் டாக்டரிடம் போனார்கள். ஒருவர் களிம்பை வாங்கியதோடு சரி, தடவவே இல்லை. இன்னொருவர் தடவியும் நன்றாக இருக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்கிறார். களிம்பு விற்றவள் வேறு ஊர்ச் சந்தைக்கு மாறிவிட்டாள். நெவிலின் கரும்பு நிலம் இப்போது பெவர்லியின் மகனிடம் இருக்கிறது. கோரல் ஊருக்குள் சின்ன வீட்டுக்குக் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. கடைத்தெருவில் அவள் எதிரே வந்தால், க்ளைவ் கடைகளின் கூரை நிழலை விட்டிறங்கி, தெருவைக் கடந்து, வெயில் பக்கமாக நடந்து போகிறான்.