நிறம் போன புகை

பிலிமத்தலாவையில் பித்தளைப் பட்டறைக்குப் பின்வீட்டில் இருக்கும் மஸாஹிரா தொலைபேசியில் குறை சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதைப் போலத்தான் கேட்டாள்.

"பொக ஒண்ணும் இல்ல மிஸ். ஆனாலும் மகளுக்கு இருமல் நிக்குதில்ல. நீங்க வெச்ச மெஷின்தானே, அதுல பிழ ஈக்காது. வேற என்னவா ஈக்கும்?"

சத்தியபாமா குண்டசாலையிலிருந்து பஸ் ஏறினாள். வழி நெடுக அந்த நம்பிக்கைதான் அவளை உறுத்திக்கொண்டு வந்தது.

பித்தளைச் சாமான்களை நைத்திரிக் அமிலத்தில் தோய்த்தெடுக்கும்போது பழுப்புப் புகை கிளம்பும். நைதரசன் ஒட்சைட்டு, நெஞ்சை அரிக்கும். போன வருடம் மஸாஹிரா அந்தப் புகையைப் பற்றிப் பிரதேச சபையில் முறைப்பாடு கொடுத்தபோது, பட்டறைக்காரர் சத்தியபாமாவையும் லவனையும் தேடி வந்தார். இருவரும் பேராதனையில் ஒன்றாகப் பொறியியல் படித்து, ஒன்றாகத் தொழில் தொடங்கியவர்கள். காரக் கரைசல் மழைபோல் பொழியும் ஒரு கோபுரத்தைக் கட்டி, புகையை அதற்குள் ஏற்றினார்கள். வாயுவைக் கரைசல் குடித்துவிடும். இனிப் பயமில்லை என்று சத்தியபாமாவே வீட்டுக்கு வந்து சொன்னாள். அந்த வாக்கை நம்பி மஸாஹிரா முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றாள். அதன்பின் கோபுரத்தைப் பார்த்துக்கொள்வது லவனின் பொறுப்பாயிற்று.

இப்போது அவள் பட்டறைக்குள் போய்ப் பார்த்தபோது, கரைசலை மேலேற்றும் பம்பு ஓடவில்லை. அதன் வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். கரைசல் தொட்டி காய்ந்து கிடந்தது. புகைபோக்கியின் இடுப்பில் மட்டும் புதிதாக ஒரு பெரிய விசிறி இரைந்துகொண்டிருந்தது. வெளிக்காற்றை அள்ளி உள்ளே கலக்கும் விசிறி. வாயு அப்படியேதான் போய்க்கொண்டிருந்தது, நிறம்தான் இல்லை.

எவ்வளவு காற்றுக் கலந்தால் பழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று இந்தப் புகைக்குக் கணக்குப் போடக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

லவனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் மறுக்கவில்லை. கரைசலை மாற்றி மாற்றி ஊற்றப் பட்டறைக்காரருக்கு மனமில்லையாம். வற்புறுத்தினால் வேறு ஆட்களைப் பிடிப்பாராம்.

"சனம் புகையைப் பாத்துத்தானே முறைப்பாடு குடுத்தது, பாமா. இப்ப புகை தெரியேல்லைதானே."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"



"சொன்னா நீ விட்டிருக்க மாட்டாய்."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் தன்னைச் சரியாகத்தான் அறிந்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அந்த அறிவைக் கொண்டே ஏமாற்றியுமிருக்கிறான்.

பின்வீட்டில் மஸாஹிரா வைத்த பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. சத்தியபாமா எதையும் மறைக்காமல் சொன்னாள். மறுபடி முறைப்பாடு கொடுக்கும்படியும், சாட்சிக்குத் தானே வருவதாகவும் சொன்னாள். மஸாஹிரா எழுந்து பட்டறைப் பக்கத்து யன்னலைச் சாத்தினாள். உள்ளறையில் பிள்ளை இருமியது.

"ஒங்களுக்குத் தெரியாமயா நடந்திச்சி, மிஸ்?"

"ஓம். தெரியாது."

மஸாஹிரா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு அந்தப் பார்வையில் இருந்த ஏதோ ஒன்று இப்போது இல்லை.

"நாளைக்கே குடுக்கிறேன். ஆனா ரெண்டு பேர்ட பேரையும் எழுதுவேன். லவன் சேர்டயும் ஒங்கடயும்."



"எழுதுங்கோ," என்றாள் சத்தியபாமா.