கன்னத்தில் மூன்று கோடு

பல்துறைக் கலைஞர் ஒருவர் வரப்போகிறார் என்று நிர்வாகி ஃபதோகி வந்து சொன்னபோது அவேரோ வள்ளிக்கிழங்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நைஜீரியாவின் இசெயின் சாலையில், ஊருக்கு வெளியே, லாகோஸ் வக்கீல் ஒருவர் கட்டிப்போட்ட கலைஞர் இல்லத்தில் அவள்தான் சமையல். வருகிறவர்களெல்லாம் இரண்டு மாதம் தங்கி, தின்று, மரத்தடியில் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போவார்கள்.

"பல்துறைன்னா எதெது?"

"படம் வரைவாங்க, ஆடுவாங்க, மண்ணு பிசைவாங்க, சினிமா எடுப்பாங்க."

"இதுல ஒண்ணாச்சும் உருப்படியா வருமா?"

ஃபதோகி காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

வந்தவள் பெயர் இபிதுன். அப்பா இபாதான்காரர், மகள் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்து. முப்பத்தைந்து வயதில் திடீரென்று தான் யோருபா இனத்தவள் என்று ஞாபகம் வந்து, ஆறு மாதம் போனில் அந்த மொழி படித்துவிட்டு வேர் தேடிக் கிளம்பியிருக்கிறாள். காரிலிருந்து இறங்கியதும் ஒரு காமிராவை நிறுத்தி வைத்துவிட்டு அவேரோவின் முன்னால் தடாலென்று மண்டியிட்டாள். பெரியவர்களைக் கண்டால் பெண்பிள்ளை மண்டியிட வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுந்து போய்க் காமிராவைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று திரும்ப வந்து இன்னொரு தடவை மண்டியிட்டாளே, அதைத்தான் அவேரோவால் சகிக்க முடியவில்லை.

"தாயே, தங்கள் பாதங்களில் என் முன்னோர்களைக் காண்கிறேன்" என்றாள் இபிதுன்.

"அது வெறும் புழுதி, அம்மணி. எந்திரிங்க, களி ஆறிப்போவுது."

மறுநாள் காலையிலேயே கூத்து ஆரம்பித்தது. புருவம் தீட்டும் பென்சிலால் இரண்டு கன்னத்திலும் மும்மூன்று கோடு இழுத்துக்கொண்டு இபிதுன் சாப்பிட வந்தாள். அவேரோவின் கன்னங்களில் இருக்கும் அதே கோடுகள். பொழுது சாய்ந்ததும் பஞ்சால் துடைத்துத் தரையில் போடுவாள். அந்தக் கரிப்பஞ்சைத் தினமும் கூட்டி அள்ளுவது அவேரோவின் வேலை.

அவேரோவின் கோடுகள் பஞ்சுக்குப் போகிறவை அல்ல. பிறந்த ஏழாம் நாள் கத்தியால் கீறிக் கரி அப்பியது. எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்காமலே தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். அடுத்துப் பிறந்த தங்கைக்கு அப்பா அதைச் செய்யவில்லை, காலம் மாறிவிட்டது என்றார். அது மாறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்து தொலைத்தாள் அவேரோ. பள்ளிக்கூடத்தில் "பூனை பெறாண்டிடுச்சா?" என்றார்கள். இபாதானில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலைக்குப் போனபோது, வருகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள், அடுப்படியில் வேண்டுமானால் இடம் இருக்கிறது என்றார்கள். அன்று பிடித்த கரண்டிதான், முப்பது வருஷமாகக் கையில் இருக்கிறது. கல்யாணப் படத்தில்கூடத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துதான் நிற்கிறாள். அதற்குப் பிறகு ஒரு போட்டோவுக்கும் அவள் முகம் காட்டியதில்லை.

லாகோஸ் ஆட்களைக் கூட்டி இபிதுன் ஆடிக்காட்டும் நிகழ்ச்சி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை கூடத்தைக் கூட்டப் போன அவேரோ துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். சுவர் முழுக்கத் தொங்கிய துணியில் அச்சடித்த அவளுடைய இடது கன்னம். அவள் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாக எடுத்தது. மூன்று கோடுகளும் சாக்கடை அகலத்துக்குத் தெரிந்தன. இதை அடுத்த மாதம் லாகோஸில் மாட்டப்போகிறார்களாம், அப்புறம் லண்டனிலாம்.

"இத எறக்கிடுங்க, அம்மணி."

"தாயே, இது தங்கள் முகம் அன்று. நம் அனைவரின் முகம்."

"நம்ம எல்லாருதுமா? அப்போ பூனை பெறாண்டுச்சான்னு கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

இபிதுன் கண்கலங்கினாள். கலங்கியதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

அவேரோ ஃபதோகியிடம் போனாள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில், படம் எடுக்கச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கிறதாம்.

"பெருமைன்னு நெனச்சுக்கங்களேம்மா. அழகாத்தானே இருக்கு."

"அழகா இருந்தா ஒங்க கன்னத்துல போட்டுக்கங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஓயெவுசியின் நினைப்பு வந்தது. ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் ஓயெவுசி பரம்பரையாகக் கன்னம் கீறுகிறவர். பிள்ளைகளுக்குக் கீறக் கூடாது என்று சர்க்கார் தடுத்த பிறகு கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அவேரோ அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை லாகோஸிலிருந்து பன்னிரண்டு கார்கள் வந்தன. நாற்பது பேர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆட்டுப் புழுக்கையை மிதித்தவர்கள் அதையும் ரசித்தார்கள். இபிதுன் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு புழுதியில் உருண்டாள், எழுந்தாள், அழுதாள். அன்றைக்குக் கன்னத்தில் பென்சில்கூட இல்லை. கடைசியில் சிவப்புப் பொடியைத் தானே கோடாகப் பூசிக்கொள்வதாக ஏற்பாடு. பொடிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கூவினாள்.

"முன்னோர்களே! என் கன்னம் வெறுமையாய்க் காத்திருக்கிறது! வந்து உங்கள் கையால் எழுதுங்கள்!"

"வந்தாச்சு" என்றாள் அவேரோ.

அடுப்படிப் பக்கமிருந்து அவள் வர, பின்னாலேயே தோல் பையோடு ஓயெவுசி வந்தார். முக்காலியைப் போட்டார், துணியை விரித்தார், கத்தியை எடுத்து வைத்தார், பக்கத்தில் ஒரு பெரிய நத்தையையும் வைத்தார்.

"எந்த வீட்டுப் பொண்ணும்மா நீ?"

இபிதுன் விழித்தாள். "நான்... இபாதான்..."

"இபாதான்ல ஆயிரம் வீடு இருக்கு. சரி, மூணு கோடு போட்டுடறேன். எரிச்சலுக்கு நத்தைத் தண்ணி விடுவேன். அழுவக்கூடாது, அழுதா கோடு கோணிடும்."

அவர் கேலி செய்யவில்லை. வளர்ந்த பெண் ஒருத்தி தானாகவே கேட்கிறாள் என்று அவேரோ சொன்னதை நம்பி, விடியும் முன்பே எழுந்து கத்தி தீட்டியிருந்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்த கூட்டம் கைதட்டியது. நாற்பது போன்கள் மேலே எழுந்தன.

இபிதுன் அவேரோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். புத்தகப் பேச்சு போன இடம் தெரியவில்லை. முதல் தடவையாக மனுஷர் பேசுகிற மாதிரி பேசினாள்.

"வேணாம்மா... ப்ளீஸ்மா... நான் திரும்பிப் போவணும், நாலு பேரப் பாக்கணும். இந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"வச்சிக்கிட்டு? சொல்லுங்க அம்மணி, முழுசா சொல்லுங்க."

இபிதுன் கத்தியைப் பார்த்துக்கொண்டே ஓரடி பின்னால் போனாள்.

"ஒக்காருங்க. இல்லாட்டி என் கன்னத்த எறக்குங்க."

இபிதுன் கூடத்துக்குள் ஓடினாள். உள்ளே துணி கிழிகிற சத்தம் கேட்டது. படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து நீட்டினாள், அவேரோ வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கூட்டம் மறுபடி கைதட்டியது.

அப்போதுதான் அவேரோ அந்தப் போன்களைப் பார்த்தாள். ஒரு சுவரில் தொங்கக் கூடாது என்று வந்தவள், பட்டப்பகலில் நாற்பது பேருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

முன்வரிசையில் பட்டுத் தலைத்துணி கட்டிய ஒருத்தி, "அம்மா, கைய எடுங்க, கோடு மறையுது" என்றாள்.

அவேரோவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஜென்மங்களுக்குப் பயந்தா இத்தனை வருஷம் குனிந்து கிடந்தோம் என்று தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. கையை எடுத்தாள். எடுத்த படம் எடுத்ததுதான், அதை இனி யாரிடமிருந்தும் பிடுங்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

"நல்லா எடுத்துக்கங்க" என்றாள். "ஆனா சும்மா இல்ல. என் கன்னம் வேணுங்கறவங்க ஒங்க கன்னத்தக் கொண்டாங்க. பாபா கத்தியத் தீட்டி வச்சிருக்காரு. வரிசையா வாங்க."

பட்டுத் தலைத்துணிக்காரி சிரிக்கப் பார்த்தாள். ஓயெவுசி முக்காலியைத் துடைத்துவிட்டு அவள் கன்னத்தைக் கண்ணாலேயே அளந்தார். அவளுடைய போன் கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்தவனுடையதும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒருத்தரும் இல்லியாம்மா?" என்று கேட்டார் ஓயெவுசி.

"இல்ல பாபா. நம்ம மூஞ்சி இவங்களுக்குச் சொவத்துல மாட்டத்தான் வேணும், கழுத்துக்கு மேல வேணாம். வாங்க, சாப்பிடலாம்."